சி.ஏ. இன்டரில் நான்கு மார்க்கில் போனவருக்கு

கேள்வி கேட்டவரின் நிலைமை இது. பி.காம். முடித்தவர், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்பின் நடு நிலையான இன்டர்மீடியட்டில் இரண்டு குரூப், குரூப்புக்கு மூன்று பேப்பர். அதில் முதல் குரூப்பை இரண்டு முறை எழுதியிருக்கிறார். முதல் முறை டாக்சேஷனில் 40 வரவில்லை. இரண்டாம் முறை அட்வான்ஸ்டு அக்கவுண்டிங் 50, லா 44, டாக்சேஷன் 52. மூன்றிலும் 40-ஐத் தாண்டியும் ரிசல்ட்டில் ஃபெயில். "தினமும் பத்து மணி நேரம் படிக்கிறேன், வகுப்பு வீடியோ எல்லாம் முழுசா பார்த்துட்டேன், மாட்யூலை மூன்று முறை படிச்சுட்டேன். இதுக்கு மேல என்ன செய்யணும்?" என்று கேட்கிறார். மாட்யூல் என்பது தேர்வை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ. (இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம்) தரும் பாடநூல்.

முதலில் அந்த மார்க்கையே பார்ப்போம். ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதம். இரண்டும் சேர்ந்தால்தான் பாஸ். மூன்று பேப்பருக்கு 300, ஆக 150 வேண்டும். உங்களுக்கு வந்தது 146. ஒருவர் மூன்றிலும் 49 வாங்கினால் 147, அவரும் ஃபெயில். இன்னொருவர் 62, 46, 42 வாங்கினால் சரியாக 150, அவர் பாஸ். எல்லாப் பாடத்திலும் 'ஓரளவு' தெரிந்தவரை விட, ஒரு பாடத்தில் நன்றாகத் தேறி மற்ற இரண்டில் விழாமல் நிற்பவர் சீக்கிரம் முடிப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். முதல் குரூப்பில் அந்த ஒரு பாடம் பலருக்கும் அக்கவுண்டிங்தான். விதி தெரிந்து வழிமுறை சரியாக இருந்தால் கணக்குப் பாடத்தில் முழு மார்க் விழும். லாவில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் அப்படிக் கிடைப்பது அபூர்வம்.

அக்கவுண்டிங்கில் 60-ஐக் குறி வைக்க இன்னொரு காரணமும் உண்டு. குரூப்பின் எல்லாப் பேப்பரையும் எழுதி, குரூப் போனாலும் ஒரு பேப்பரில் 60 வந்துவிட்டால் அதற்கு எக்ஸம்ப்ஷன் கிடைக்கும். அடுத்த மூன்று தேர்வுகளுக்கு அந்த மார்க் உங்கள் கணக்கிலேயே இருக்கும், அந்தப் பேப்பரைத் திரும்ப எழுத வேண்டாம். அடுத்த முறை கையிலுள்ள நாள் முழுவதும் மற்ற இரண்டுக்குப் போகும். இதற்காகவே ஒரு பேப்பர் சரியாகப் போகவில்லை என்று அடுத்ததை எழுதாமல் வீட்டில் இருந்துவிடாதீர்கள். நிறையப் பேர் அப்படிச் செய்து, கைக்கு வந்திருக்க வேண்டிய எக்ஸம்ப்ஷனை இழக்கிறார்கள்.

இப்போது பத்து மணி நேரத்துக்கு வருகிறேன். உங்கள் உழைப்பில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் "பார்த்தேன்", "படித்தேன்" என்ற இரண்டு சொல் இருக்கிறது, "எழுதிப் பார்த்தேன்" என்பது எங்கும் இல்லை. தேர்வு அறையில் உங்களைப் படிக்கச் சொல்லப் போவதில்லை. மூன்று மணி நேரம் எழுதச் சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு வேலை.

மாட்யூலை மூன்றாம் முறை புரட்டும்போது எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும், ஏனென்றால் பக்கம் பழகிவிட்டது. எந்தப் பக்கத்தில் எந்தக் கட்டம் இருக்கிறது என்று கூடத் தெரியும். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் 'ஷேர் பைபேக்குக்கு என்னென்ன வரம்பு?' என்று எழுதிப் பாருங்கள் (கம்பெனி தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்குவதுதான் பைபேக்). பேனா நிற்கும் இடம்தான் உங்களுக்குத் தெரியாத இடம். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது. திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே அதிகம் எழுதினார்கள். நமக்கு வேண்டியது அந்த ஒரு வாரம் கழித்து வரும் நினைவு.

அதனால் நாளை முதல் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ஒரு மணி நேரம் படித்தால் கடைசி இருபது நிமிடம் புத்தகம் மூடியிருக்க வேண்டும். தியரியாக இருந்தால் தலைப்புகளை நினைவிலிருந்து எழுதுங்கள். கணக்காக இருந்தால் தீர்வைப் பார்க்காமல் முழுதாகப் போடுங்கள். தீர்வைப் படித்துவிட்டு "சரி, புரிஞ்சிடுச்சு" என்று அடுத்த கணக்குக்குப் போவதை இன்றோடு விட்டுவிடுங்கள். நான் பார்த்த வரையில் இன்டர் மாணவர்களிடம் இருக்கும் மிகப் பெரிய நஷ்டம் அதுதான். கணக்குப் புத்தகத்தை நாவல் போலப் படிக்கிறார்கள்.

அப்புறம், வகுப்பு வீடியோ. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஆறு மணி நேரம் பார்த்துவிட்டு ஆறு மணி நேரம் படித்ததாகக் கணக்கு எழுதாதீர்கள். ஒருமுறை பார்த்தாகிவிட்டது அல்லவா, போதும். இன்னொரு ஆசிரியரின் ஃபாஸ்ட் ட்ராக் வகுப்பு வாங்க வேண்டாம், டெலிகிராமில் வரும் நோட்ஸ் எல்லாம் சேர்க்கவும் வேண்டாம். உங்களுக்குத் தேவை ஐ.சி.ஏ.ஐ.-யின் மாட்யூல், உங்கள் வகுப்பு நோட்ஸ், கடந்த தேர்வுகளின் சஜெஸ்டட் ஆன்சர் (ஐ.சி.ஏ.ஐ. வெளியிடும் மாதிரி விடை), இந்தத் தேர்வுக்கான ஆர்.டி.பி. (திருப்புதல் வினாத்தாள்), எம்.டி.பி. (மாதிரித் தேர்வுத் தாள்). அவ்வளவுதான். இதில் மாட்யூலைத் தவிர மற்றதைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்கி வைத்து, பிறகு தொடாமலே போய்விடுகிறவர்கள் அதிகம். எம்.டி.பி.-யை முதல் மாதமே எழுதத் தொடங்குங்கள். தேர்வு எழுதும் அளவுக்குத் தயாரான பிறகுதான் எழுத வேண்டும் என்று நினைத்தால் அந்த நாள் வரவே வராது.

பேப்பர் எழுதும்போது என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். உங்களுக்கு 44 வந்த லாவையே எடுக்கிறேன். இப்படி ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பப்ளிக் கம்பெனியின் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. இது அதன் முதல் ஆண்டுப் பொதுக்கூட்டம் இல்லை. கூட்டத்தை அக்டோபர் 2 காலை 11 மணிக்கு, பதிவு அலுவலகம் இருக்கும் ஊரிலேயே நடத்துவதாக போர்டு முடிவு செய்கிறது. இது செல்லுமா?

நன்றாகப் படித்த மாணவர் கூடப் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்: "அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி, தேசிய விடுமுறை நாளில் கூட்டம் நடத்தக்கூடாது, ஆகவே செல்லாது." முடிவு சரி. நான்கு மார்க் கேள்வியில் இதற்கு ஒன்றோ இரண்டோ கிடைத்தால் அதிகம். பேப்பர் திருத்துபவருக்கு வேண்டியது வேறு. முதலில் சட்டம்: கம்பெனிகள் சட்டம் 2013-இன் 96-ஆம் பிரிவு, நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் கூட்டம் நடக்க வேண்டும், இரண்டு கூட்டத்துக்கும் நடுவே பதினைந்து மாதத்துக்கு மேல் போகக்கூடாது, காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணிக்குள் இருக்க வேண்டும், தேசிய விடுமுறை நாளாக இருக்கக்கூடாது, இடம் பதிவு அலுவலகத்திலோ அந்த ஊருக்குள்ளோ இருக்க வேண்டும். அடுத்து இந்தக் கேள்வியின் விவரம்: நேரமும் இடமும் சரி, நாள் மட்டும் இரண்டு விதத்தில் தவறு. ஒன்று விடுமுறை. இன்னொன்று, ஆறு மாதம் செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது. கம்பெனி நீட்டிப்பு வாங்கியதாகக் கேள்வியில் இல்லை. முதல் கூட்டம் இல்லாததால், தக்க காரணம் இருந்தால் பதிவாளர் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம், அப்படி நீட்டித்தாலும் அக்டோபர் 2 ஆகாது. கடைசியில் ஒரே வரியில் முடிவு.

இரண்டு விடையும் ஒரே முடிவைத்தான் சொல்கின்றன. ஒருவர் ஒரு தவறைப் பார்த்தார், இன்னொருவர் இரண்டையும் பார்த்து சரியாக இருந்தவற்றையும் சொன்னார். சட்டம், விவரம், முடிவு என்று மூன்று பத்தியாகப் பிரித்து எழுதினால், திருத்துபவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மார்க் போட முடிகிறது. பிரிவு எண் சரியாக நினைவில் இருந்தால் எழுதுங்கள். சந்தேகமாக இருந்தால் எண்ணை விட்டுவிட்டு 'கம்பெனிகள் சட்டம் 2013-இன்படி' என்று தொடங்குங்கள். தவறான எண் போடுவது அதை விட மோசம்.

அக்கவுண்டிங்கிலும் இதே கதைதான். பைபேக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஷேர் வாங்கலாம் என்பதற்கு மூன்று சோதனை: ஷேர் எண்ணிக்கையில் 25 சதவீதம், செலுத்திய மூலதனமும் ஃப்ரீ ரிசர்வும் (டிவிடெண்டாகப் பங்கிடக்கூடிய இருப்பு) சேர்ந்த தொகையில் 25 சதவீதம், பைபேக்குக்குப் பிறகு கடன் இவற்றின் இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது என்பது. மூன்றில் எது குறைவோ அதுதான் விடை. மூன்றாவது சோதனையில் எக்ஸ், ஒய் என்று இரண்டு சமன்பாடு போட வேண்டி வரும், அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஆனால் முதல் இரண்டு சோதனையையும் தனித்தனி ஒர்க்கிங் நோட்டாக (இடைக் கணக்குக் குறிப்பாக), தலைப்புப் போட்டு எழுதியிருந்தால், மூன்றாவதில் தப்பினாலும் அதுவரையிலான மார்க் கைக்கு வரும். ஒர்க்கிங் நோட் விடையின் பகுதி என்று வினாத்தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஓரத்தில் பென்சிலால் கிறுக்கி, நேராக கடைசித் தொகையை மட்டும் எழுதினால், தொகை தவறாக இருக்கும்போது திருத்துபவரால் எதுவும் செய்ய முடியாது.

நேரம். 180 நிமிடத்துக்கு 100 மார்க். இதில் 30 மார்க் கொள்குறி வினாக்கள், 70 எழுத்து. பெரும்பாலான பேப்பர்களில் எழுத்துப் பகுதியில் ஒரு கட்டாயக் கேள்வி, மீதி ஐந்தில் நான்கு. தலா 14 மார்க். கொள்குறிக்கு 45 நிமிடம் கொடுத்தால் மீதி 135 நிமிடம், ஒரு கேள்விக்கு 27 நிமிடம். இந்த 27 நிமிடத்தைக் கையில் பதிய வையுங்கள். வீட்டில் ஒரு 14 மார்க் கேள்வியை எடுக்கும்போதெல்லாம் கடிகாரம் வைத்து எழுதி, 27 ஆனதும் பேனாவை வையுங்கள். முதல் பத்து முறை முடியாது. அதற்காகத்தான் பழகுகிறோம்.

கொள்குறி வினாக்களுக்கு இன்டரில் நெகடிவ் மார்க் கிடையாது, ஆக ஒன்றைக் கூட விடக்கூடாது. மூன்று பேப்பருக்கும் சேர்த்து 90 மார்க் இதில் இருக்கிறது. ஒவ்வொரு பேப்பரிலும் இதில் நான்கு மார்க் கூடினாலே 12, உங்கள் 146 அங்கேயே 158 ஆகிவிடும். ஒரு நீளமான கேஸ் கொடுத்து அதிலிருந்து ஐந்தாறு கேள்வி கேட்பார்கள். கேள்விகளை முதலில் படித்துவிட்டு அப்புறம் கேஸைப் படியுங்கள், எந்தத் தொகையைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். இதற்கு ஐ.சி.ஏ.ஐ. வெளியிடும் பயிற்சி வினாக்களே போதுமானவை.

நானும் இன்டரில் இரண்டாம் குரூப்பை மூன்றாவது அட்டெம்ப்ட்டில்தான் முடித்தேன். அப்போது பேட்டர்ன் வேறு, எழுத்து மட்டும்தான், பெரிய கேள்விக்கு 16 மார்க். இரண்டாம் முறை போனபோது ஆடிட்டிங் விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பித்து வாங்கினேன். அதைப் பார்த்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. நான்கு மார்க் கேள்வி ஒன்றுக்கு மூன்று பக்கம் எழுதியிருந்தேன், தெரிந்ததை எல்லாம் கொட்டியிருந்தேன். அதற்குக் கிடைத்தது மூன்று. கடைசி 16 மார்க் கேள்விக்கு எண்ணை மட்டும் போட்டு இரண்டு வரி. நேரம் தீர்ந்துவிட்டது. எனக்குப் பாடம் தெரியாமல் போகவில்லை என்பதை அந்த நகல்தான் எனக்குக் காட்டியது. அதற்கு முன்பு வரை மொத்தப் பாடத்தையும் திரும்ப முதலிலிருந்து படிக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்களும் லா, டாக்சேஷன் இரண்டுக்கும் நகல் கேட்டு விண்ணப்பியுங்கள். ரிசல்ட் வந்த ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும். மறு கூட்டல் என்பது மார்க்கைக் கூட்டிச் சரிபார்ப்பதும், திருத்தாமல் விட்ட விடை உண்டா என்று பார்ப்பதும் மட்டும்தான், திரும்பத் திருத்த மாட்டார்கள், அதில் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம். நகல் வேறு விஷயம். வந்ததும் சிவப்புப் பேனா எடுத்து, சஜெஸ்டட் ஆன்சரைப் பக்கத்தில் வைத்து, இழந்த ஒவ்வொரு மார்க்குக்கும் காரணம் குறியுங்கள்: தெரியவில்லை, தெரிந்தும் எழுதவில்லை, நேரம் இல்லை, கேள்வியைத் தவறாகப் படித்தேன். எண்ணிப் பார்த்தால் எந்த வகை அதிகமோ அதற்குத்தான் அடுத்த இரண்டு மாதம்.

தமிழ் வழியில் படித்ததைப் பற்றித் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும், ஆகவே இது உண்மையான சுமை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் இங்கே தேவைப்படுவது இலக்கிய ஆங்கிலம் இல்லை. லா பேப்பர் முழுவதையும் முப்பது நாற்பது வாக்கிய அமைப்பில் எழுதிவிடலாம். 'அக்கார்டிங் டு செக்‌ஷன்' என்று தொடங்கும் வரி, 'இன் தி கிவன் கேஸ்' என்று தொடங்கும் வரி, 'ஹென்ஸ்' என்று தொடங்கும் முடிவு வரி. சஜெஸ்டட் ஆன்சரிலிருந்து இந்த வரிகளை ஒரு நோட்டில் எடுத்து, தினமும் ஒரு பக்கம் கையால் எழுதுங்கள். ஒரு மாதத்தில் கை தானாகப் போகும்.

புரிந்துகொள்வதைத் தமிழிலேயே செய்யுங்கள். ஒரு பிரிவைப் படித்ததும் அதை வீட்டில் யாருக்காவது, அல்லது யாரும் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்து, தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். தமிழில் தங்கு தடை இல்லாமல் சொல்ல முடிந்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு ஆங்கிலத்தில் எழுதுவது மொழிப் பயிற்சி மட்டும்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் போனால் புரியாததை மனப்பாடம் செய்வதில் முடியும். ஒரு எச்சரிக்கை மட்டும்: சட்டத்தில் சின்னச் சொற்கள் பெரிய வேலை செய்யும். பொதுவாக 'ஷல்' என்றால் கட்டாயம், 'மே' என்றால் விருப்பம். 'நாட் லெஸ் தேன்', 'நாட் எக்ஸீடிங்' இரண்டையும் அவசரத்தில் மாற்றிப் படித்துவிட்டு விடையே தலைகீழாகப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இவற்றைப் படிக்கும்போதே வட்டமிடுங்கள்.

இதற்காகவே ஒரு தப்பு நோட்டு வேண்டும். கொள்குறியிலோ கணக்கிலோ தவறு செய்த இடத்தை மட்டும் அதில் எழுதுங்கள், ஒரு தவறுக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். உதாரணத்துக்கு ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடைக்காதவற்றைச் சொல்லும் 17(5) பிரிவு. ஆள் ஏற்றும் வண்டிக்குப் பொதுவாக 13 இருக்கை வரை வரவு கிடையாது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். அது ஓட்டுநரையும் சேர்த்து 13 என்பது மறந்து போகும். கேள்வியில் 'ஓட்டுநர் தவிர 13 பேர்' என்று கொடுத்தால் மொத்தம் 14, வரம்பைத் தாண்டிவிட்டது, அந்தக் காரணத்தால் வரவு தடைபடாது. நோட்டில் நீங்கள் எழுத வேண்டியது: "17(5) - 13, டிரைவரோடு சேர்த்து." தேர்வுக்கு முந்தின ராத்திரி மாட்யூலை விட இந்த நோட்டு அதிகம் உதவும், ஏனென்றால் அதில் இருப்பதெல்லாம் நீங்களே தடுக்கி விழுந்த இடங்கள்.

டாக்சேஷனில் இன்னொரு கவனம் வேண்டும். வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வருவதாக அமைந்த சட்டம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்கள் மாறுகின்றன, முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்று இரண்டாக இருந்தது 'வரி ஆண்டு' என்று ஒன்றாகிறது. நீங்கள் எழுதப்போகும் தேர்வுக்கு எந்தச் சட்டம், எந்த நிதிச் சட்டத் திருத்தம் வரை என்பதை ஐ.சி.ஏ.ஐ. ஒவ்வொரு தேர்வுக்கும் அறிவிக்கும். அதைப் பார்த்த பிறகே புத்தகத்தைத் தொடுங்கள். சீனியர் அன்பாகக் கொடுத்த நோட்ஸில் வரி விகிதம் பழையதாக இருந்தால், வழிமுறை சரியாக இருந்தும் எல்லாத் தொகையும் தவறிப் போகும். முதல் முறை உங்களுக்கு டாக்சேஷனில் 40 வராமல் போனதற்கு இதுவும் காரணமா என்று யோசித்துப் பாருங்கள்.

கால அட்டவணைக்கு வருவோம். இன்டர் இப்போது ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. ரிசல்ட் வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகிறது. ரிசல்ட் பார்த்த பிறகு தொடங்கினால் கையில் இருப்பது இரண்டு மாதம்தான். தேர்வு முடிந்ததும் ஒரு வாரம் ஊருக்குப் போய் வாருங்கள், தூங்குங்கள். அதன் பிறகு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காமல் இரண்டாம் குரூப்பைத் தொடங்குங்கள். பாஸானால் அது அடுத்த வேலை, ஆகாவிட்டாலும் வீணில்லை. இப்போது உங்களிடம் இருக்கும் அறுபது நாளை நான் இப்படிப் பிரிப்பேன்: முதல் 36 நாளில் மூன்று பாடமும் எழுத்துடன் ஒரு சுற்று (அக்கவுண்டிங் 13, டாக்சேஷன் 14, லா 9), அடுத்த 15 நாளில் தலா ஐந்து நாள், அதற்கடுத்த 6 நாளில் தலா இரண்டு நாள், கடைசி மூன்று நாள் முதல் பேப்பருக்கு மட்டும்.

ஏன் இப்படிக் குறுக்கிக்கொண்டே வருகிறேன் என்றால், இரண்டு பேப்பருக்கு நடுவே பெரும்பாலும் ஒரு நாள்தான் இடைவெளி வரும். முந்தின பேப்பர் முடிந்த சாயங்காலத்தையும் சேர்த்தால் ஒன்றரை நாள். டாக்சேஷன் முழுவதையும், வருமான வரியும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து, ஒன்றரை நாளில் புரட்ட முடிகிற அளவுக்கு உங்கள் குறிப்பு சுருங்கியிருக்க வேண்டும். ஐந்து நாள் சுற்றில் எது சரியாக வந்துவிட்டதோ அதைக் குறுக்குக் கோடு போட்டு நீக்குங்கள். இரண்டு நாள் சுற்றில் இன்னும் நீக்குங்கள். எல்லாவற்றுக்கும் மஞ்சள் மார்க்கர் போட்டு வைத்திருப்பவர்களுக்கு அந்த ஒன்றரை நாள் பெரும் பதற்றமாகிவிடும்.

தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்குகிறது, 5 மணிக்கு முடிகிறது. அதற்கு முன் 15 நிமிடம் வினாத்தாள் படிக்க நேரம். நம் வீடுகளில் அந்த நேரம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம். இரண்டு மாதமாக மதியம் தூங்கிப் பழகிய உடம்பு, தேர்வன்று மட்டும் விழித்திருக்காது. மே மாதத் தேர்வு என்றால் அக்னி நட்சத்திரமும் சேர்ந்துகொள்ளும். கடினமான எழுத்துப் பயிற்சியை 2 முதல் 5-க்குள்ளேயே வையுங்கள், மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சத்தமாக இருந்தால், உங்கள் ஊரில் ஐ.சி.ஏ.ஐ. கிளை இருந்தால் அங்கே வாசிப்பு அறை உண்டா என்று கேளுங்கள், இல்லையென்றால் மாவட்ட மைய நூலகம் போதும். கால்குலேட்டர் ஒன்றையே கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு இலக்கம், இரண்டு மெமரி வரை அனுமதி. எம் பிளஸ், எம் மைனஸ் பயன்படுத்தப் பழகினால் டாக்சேஷனில் மட்டுமே ஐந்தாறு நிமிடம் மிச்சமாகும்.

இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். சேர்த்து எழுதுவதில் ஒரு நன்மை உண்டு. ஒவ்வொரு பேப்பரிலும் 40 இருந்து, ஆறு பேப்பரும் சேர்ந்து 600-க்கு 300 வந்துவிட்டால் இரண்டு குரூப்பும் பாஸ். ஒரு குரூப்பில் 146 இருந்தாலும் மற்றதில் 154 இருந்தால் போதும். ஆனால் அறுபது நாளில், இரண்டாம் குரூப் தொடவே இல்லாத நிலையில், நான் இதைச் சொல்ல மாட்டேன். ஆறு பாடத்துக்கும் முதல் சுற்றே முடியாது. இந்த முறை முதல் குரூப் மட்டும் எழுதுங்கள். நண்பர்கள் இரண்டும் எழுதுகிறார்கள் என்பதற்காக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் "இன்னும் முடிக்கலையா?" என்று கேட்பது மனதை அறுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்பாவிடம் 150, 146 என்ற கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். வெளியில் இருப்பவர்களுக்கு ஃபெயில் என்றால் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம். மூன்று பாடத்திலும் தேறி நான்கு மார்க்கில் நின்றது அவருக்கு இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தேர்வு நாட்களில் ஒரு பேப்பர் முடிந்து வெளியே வந்ததும் கேட்டருகே நின்று விடை பேச வேண்டாம். போனை எடுக்காமல் வீட்டுக்கு வந்து, குளித்து, அடுத்த பேப்பரின் தப்பு நோட்டைத் திறங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்று. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பம். உங்கள் தேர்வுக்கான சட்டத் திருத்த அறிவிப்பைப் பதிவிறக்கிச் சுவரில் ஒட்டுவது. வருகிற ஞாயிறு மதியம் 2 மணிக்கு, தயாராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், லா எம்.டி.பி. ஒன்றை 5 மணி வரை உட்கார்ந்து முழுதாக எழுதுவது. எழுதியதைத் திங்கள் காலை நீங்களே திருத்துங்கள். எங்கே மார்க் போகிறது என்று பார்த்து எழுதினால், அடுத்ததைச் சேர்ந்து யோசிக்கலாம்.